லினக்ஸ் கெர்னலின் சாவி மேலாண்மையில் பிழை கையாளல்

கடவுச்சொற்கள், குறியாக்கச் சாவிகள், கெர்பரோஸ் சீட்டுகள் முதலிய இரகசியங்களை வைத்துக் காப்பதற்கென்று லினக்ஸ் கெர்னலுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ரெட் ஹாட் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஹவல்ஸ் எழுதிய இது, 2004 டிசம்பரில் வெளிவந்த 2.6.10 பதிப்பில் கெர்னலின் பகுதியானது. இங்கே ஒவ்வோர் இரகசியமும் ஒரு சாவி. பல சாவிகளைக் கோத்து வைத்திருப்பது சாவிக்கொத்து. அதுவும் ஒரு வகைச் சாவியே, ஆகவே கொத்துக்குள் கொத்து இருக்கலாம். ஆட் கீ, ரிக்வெஸ்ட் கீ, கீ-சிடிஎல் என்ற மூன்று சிஸ்டம் கால்கள் வழியே நிரல்கள் இதனோடு பேசுகின்றன. வட்டுக் குறியாக்கம், என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ், ஏஎஃப்எஸ் ஆகிய வலைக் கோப்பு முறைகள், கெர்னல் மாட்யூல்களின் கையொப்பச் சோதனை எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதை நம்பி நிற்கின்றன.

கெர்னலின் பிற பகுதிகளில் பிழை என்பது பெரும்பாலும் வேலை நடக்கவில்லை என்ற செய்தி. சாவி கேட்டவருக்குக் கிடைக்கும் "இல்லை" அப்படிப்பட்டதன்று. அந்தச் சாவி ஒருபோதும் இருந்ததில்லையா, இருந்து காலாவதி ஆனதா, திரும்பப் பெறப்பட்டதா, காட்டியும் ஏற்கப்படவில்லையா என்பதைப் பொறுத்து அடுத்துச் செய்ய வேண்டியது மாறும். காலாவதி என்றால் புதுப்பிக்கலாம். திரும்பப் பெறப்பட்டது என்றால் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. இந்த வேறுபாடுகள் வழியில் எங்கும் கலந்துவிடாமல் கேட்டவர் கைவரை போய்ச் சேர வேண்டும். இந்த ஏற்பாட்டின் பிழை கையாளலில் மிகக் கடினமான பகுதி அதுதான். இதில் நேர்ந்த பெரிய பாதுகாப்பு ஓட்டைகளில் பலவும் அங்கேதான் திறந்தன.

நான்கு எண்கள்

சாவிகளுக்கென்றே நான்கு பிழை எண்கள் உள்ளன. எக்ஸ்86, ஆர்ம் போன்ற வன்பொருள்களில் அவை 126 முதல் 129 வரை. மிப்ஸ், ஸ்பார்க் போன்றவற்றில் எண்கள் வேறு, பெயர்கள் அவையே. 126 ஈநோகீ: தேவையான சாவி கிடைக்கவில்லை. 127 ஈகீ-எக்ஸ்பயர்ட்: சாவி காலாவதியானது. 128 ஈகீ-ரிவோக்ட்: சாவி திரும்பப் பெறப்பட்டது. 129 ஈகீ-ரிஜெக்டட்: சாவியைச் சேவை ஏற்க மறுத்தது.

ஒரு சாவி செல்லுமா என்று பார்க்கும் ஃபங்ஷன் இவற்றை வரிசைப்படி சோதிக்கிறது. சாவி செல்லாததாக்கப்பட்டிருந்தால் ஈநோகீ. திரும்பப் பெறப்பட்டிருந்தால் ஈகீ-ரிவோக்ட். இரண்டும் இல்லாமல் நேரம் மட்டும் கடந்திருந்தால் ஈகீ-எக்ஸ்பயர்ட். ஆகவே காலமும் கடந்து, திரும்பவும் பெறப்பட்ட சாவியைக் கேட்டால் "திரும்பப் பெறப்பட்டது" என்றே பதில் வரும்.

ஒரு சாவியைச் சேர்த்து, அதற்குப் பத்து வினாடி ஆயுள் கொடுத்துவிட்டுப் பதினோராம் வினாடியில் படித்துப் பாருங்கள். "காலாவதி" என்று பிழை வரும். கொத்தின் பட்டியலை எடுத்தால் சாவி இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் அணுக முடியாதது என்ற குறிப்போடு. ஐந்து நிமிடம் கழித்து அதே சாவியைக் கேட்டால் "கிடைக்கவில்லை" என்று மட்டும் வரும். இது வேண்டுமென்றே வைத்த இடைவெளி. காலாவதியான, திரும்பப் பெறப்பட்ட சாவிகளைக் கெர்னல் உடனே துடைத்து எறிவதில்லை. ஜிசி டிலே என்ற அமைப்பின்படி இயல்பாக 300 வினாடி காத்திருக்கிறது. சாவிக்கு என்ன ஆனது என்பதைக் கேட்பவர் அறிந்துகொள்ளத்தான் இந்த அவகாசம். இறந்த பொருளை அதன் இறப்புச் செய்தியைச் சொல்வதற்காகவே நினைவகத்தில் வைத்திருப்பது அக்கறையான வடிவமைப்பு. கெர்னலில் இது அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. அந்த அவகாசம் வேண்டாதவர்களுக்கு, சாவியைச் செல்லாததாக்கும் கட்டளை 3.5 பதிப்பில் வந்தது. அதைப் பயன்படுத்தினால் சாவி அப்போதே கண்ணுக்கு மறைந்துவிடும்.

பல கொத்துகள், பல பதில்கள்

ஒரு ப்ராசஸ் சாவி கேட்கும்போது கெர்னல் அதன் த்ரெட் கொத்து, ப்ராசஸ் கொத்து, செஷன் கொத்து என்ற வரிசையில் தேடுகிறது. முதல் கொத்தில் காலாவதியான சாவி, இரண்டாவதில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் திரும்பப் பெறப்பட்ட சாவி என்று இருந்தால் எந்தப் பதிலைச் சொல்வது?

எங்காவது செல்லுபடியாகும் சாவி ஒன்று கிடைத்தால் தேடல் அங்கேயே நிற்கும். அதற்கு முன் வந்த பிழைகள் அத்தனையும் மறக்கப்படும். எதுவுமே கிடைக்காதபோதுதான் பிழைகளுக்குள் முன்னுரிமை பார்க்கப்படும்: திரும்பப் பெறப்பட்டது முதலில், காலாவதி அடுத்து, கிடைக்கவில்லை என்பது கடைசியில். அதிகச் செய்தி தரும் பிழை முன்னே நிற்கிறது. அனுமதி மறுப்பு இந்தப் போட்டியில் கலந்துகொள்வதில்லை. ஒரு குறிப்பிட்ட கொத்தை நேரடியாகச் சுட்டித் தேடச் சொல்லி, அந்தக் கொத்திலேயே தேடும் உரிமை இல்லாதபோது மட்டும்தான் அது வெளியே வரும்.

"இல்லை" என்பதைச் சேமித்து வைத்தல்

ரிக்வெஸ்ட் கீ வெறும் தேடல் அன்று. சாவி கிடைக்காவிட்டால் அதைச் செய்து தரும்படி கெர்னல், பயனர் வெளியிலுள்ள ரிக்வெஸ்ட்-கீ என்ற நிரலை எழுப்பும். அந்த நிரல் கெர்பரோஸ் சேவையகத்தையோ டிஎன்எஸ்-ஐயோ கேட்டு வரலாம். இது நேரம் பிடிக்கிற வேலை. ஒரே சாவியை நூறு ப்ராசஸ்கள் அடுத்தடுத்துக் கேட்டு, நூறு முறையும் நிரல் எழும்பி, நூறு முறையும் வெறுங்கையோடு திரும்பினால் கணினி தாங்காது.

அதனால் தோல்வியையே ஒரு சாவியாக்கி வைக்கிறது கெர்னல். இதற்கு எதிர்மறைச் சாவி என்று பெயர். உள்ளே இரகசியம் எதுவும் இருக்காது, பிழை எண் மட்டும் இருக்கும். இயல்பாக இதன் ஆயுள் 60 வினாடி. அந்த ஒரு நிமிடத்துக்குள் யார் கேட்டாலும் நிரலை எழுப்பாமல் அதே பிழையைத் திருப்பித் தந்துவிடும். தோல்விக்கான காரணத்தைச் சரிசெய்த பிறகும் சற்று நேரம் பழைய பிழையே வருவதைப் பார்த்துக் குழம்பும் நிர்வாகிகள் இந்த ஒரு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

"தேடினோம், காணோம்" என்பதும் "இல்லையென்று ஏற்கெனவே தெரியும்" என்பதும் கெர்னலுக்குள் வேறு வேறு எண்கள். முதலாவதற்கு ஈஅகெய்ன், அதாவது பயனர் வெளியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று பொருள். இரண்டாவதற்கு எதிர்மறைச் சாவி சுமக்கும் பிழை, இயல்பாக ஈநோகீ. மேற்கொண்டு கேட்க வேண்டாம் என்று பொருள். நிரலை எழுப்புவதா வேண்டாமா என்ற முடிவு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது. வெளியே வரும்போது இரண்டும் ஈநோகீ என்ற ஒரே எண்ணாக மாற்றப்படும், ஏனெனில் கேட்டவருக்கு அந்த வேறுபாடு தேவையில்லை.

2.6.39 பதிப்பு முதல், சாவியைச் செய்து தர மறுக்கும் நிரல் தனக்குப் பொருத்தமான பிழை எண்ணைத் தானே தேர்ந்து பதிக்கலாம். இங்கே ஒரு காவல் உண்டு. எண் 1-க்கும் 4094-க்கும் இடையில் இருக்க வேண்டும். 512, 513, 514, 516 ஆகிய நான்கும் கூடாது. இந்த நான்கும் கெர்னல் தனக்குள் வைத்திருக்கும் குறிகள்: சிக்னல் வந்து இடைநின்ற சிஸ்டம் காலை மறுபடி தொடங்கு என்று பொருள்படுபவை. இவற்றில் ஒன்றைச் சாவிக்குள் பதிக்க விட்டால், வெளியிலிருந்து வந்த ஒரு எண் கெர்னலின் உள்வேலைக்கான ஆணையாகிவிடும்.

எழுப்பிய நிரல் பிழையோடு வெளியேறியது, ஆனால் அதற்குள் சாவியைச் செய்து கொடுத்துவிட்டது என்றால்? கெர்னல் அந்தப் பிழையைப் பொருட்படுத்தாது. சாவி கையில் இருக்கிறது, அது போதும். மாறாக, நிரல் வெற்றி என்று சொல்லிவிட்டுச் சாவியைச் செய்யாமல் போயிருந்தால் பதில் ஈநோகீ. நிரல் சொன்னதைவிடச் சாவியின் நிலைக்குத்தான் மதிப்பு. எந்த வழியில் போனாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: செய்யத் தொடங்கிய சாவியை ஏதாவது ஒரு முடிவான நிலைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அது அரைகுறையாக நின்றால், அதற்காகக் காத்துக் கிடக்கும் மற்ற ப்ராசஸ்கள் எழவே மாட்டா. தோல்வி ஏற்பட்டதுமே எதிர்மறைச் சாவியாக்குவது காத்திருப்பவர்களை விடுவிப்பதற்கும்தான்.

முகவரிக்குள் ஒளியும் பிழை

சாவியைத் தேடும் ஃபங்ஷன் திருப்பித் தருவது சாவி இருக்கும் நினைவக முகவரியை, அதாவது ஒரு பாயின்டரை. சாவி இல்லாதபோது பிழையை எப்படித் தருவது? கெர்னல் எழுதப்பட்டிருக்கும் சி மொழியில் பிழைக்கென்று தனிப் பாதை கிடையாது. முகவரி வெளியின் கடைசி 4095 இடங்களில் எந்தப் பொருளும் வைக்கப்படாது என்பதால், −1 முதல் −4095 வரையுள்ள எண்களைப் பாயின்டர் வேடத்தில் அனுப்பலாம். வாங்குபவர் முதலில் "இது பிழையா?" என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். கெர்னல் முழுவதும் வழங்கும் மரபு இது.

சாவி மேலாண்மை இதற்கு மேல் ஒரு படி போகிறது. கேட்பவர் அந்தச் சாவியை உடைமையாகக் கொண்டவரா என்ற ஒரு பிட் தகவலையும் அதே பாயின்டருக்குள் வைக்கிறது. நினைவகத்தில் சாவிகள் ஒழுங்கான எல்லைகளில் அமைவதால் முகவரியின் கடைசி பிட் எப்போதும் 0. அந்த இடத்தை உடைமைக் குறிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. உண்மையான முகவரி வேண்டுமானால் அந்தப் பிட்டை அழித்துவிட்டு எடுக்க வேண்டும்.

பிழையா என்று பார்க்காமல் ஒருவர் பிட்டை அழித்துவிட்டால் நடப்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். −127-இன் கடைசி பிட் 1. அதை அழித்தால் −128 ஆகிறது. "காலாவதியானது" என்ற செய்தி "திரும்பப் பெறப்பட்டது" என்று மாறிவிட்டது! அனுமதி மறுப்பான −13 இதே வழியில் −14 ஆகும். அதன் பொருள் தவறான முகவரி. கணினி நின்றுபோகாது, எச்சரிக்கையும் வராது, பதில் மட்டும் பொய்யாகியிருக்கும். ஆகவே பிழைச் சோதனை முன்னே, பிட் நீக்கம் பின்னே என்ற வரிசை இந்த நிரலில் எங்கும் மாறக் கூடாதது.

விபத்துகள்

பிழையைச் சாவிக்குள் சேமித்ததற்குக் கெர்னல் ஒரு விலை கொடுத்தது. இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பிழை எண்ணும் சாவியின் சொந்தத் தரவும் ஒரே நினைவக இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. சி மொழியில் இதற்கு யூனியன் என்று பெயர். அந்த இடத்தில் இருப்பது பாயின்டரா பிழை எண்ணா என்பதை எட்டிப் பார்க்காமல் தொட்டால் விபரீதம்.

2015 அக்டோபரில் திருத்தப்பட்ட ஓட்டையில் (சிவிஇ-2015-7872) தொட்டது குப்பை அகற்றும் பகுதி. சாவிக்கொத்து ஒன்றைக் கேட்டு, அதைச் செய்ய முடியாமல் போய், அது எதிர்மறைச் சாவியாக நின்றது. பிறகு அதை அகற்ற வந்த நிரல், முழுமையாக உருவான கொத்து என்று நினைத்து, பெயர்ப் பட்டியலிலிருந்து அதன் கண்ணியைக் கழற்றப் பார்த்தது. கண்ணி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது −126. 32 பிட் எண்ணாக எழுதிய −126-ஐ 64 பிட் முகவரியாகப் படித்தால் 4294967170. அதிலிருந்து 8 பைட் தள்ளியுள்ள இடத்தில் எழுதப் போய், 4294967178 என்ற முகவரியில் கெர்னல் விழுந்தது. நவம்பரில் திருத்தப்பட்ட இன்னொன்றில் (சிவிஇ-2015-8539) எதிர்மறையான ஒரு சாதாரணச் சாவிக்குப் புதிய மதிப்புக் கொடுத்தார்கள். பழைய உள்ளடக்கத்தை விடுவிக்கிறேன் என்று அந்த நிரல் பிடித்ததும் அதே −126. விழுந்த முகவரியும் அதே 4294967178. "கிடைக்கவில்லை" என்ற ஒரே பதில், இரண்டு இடங்களில் முகவரி என்று படிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் தூண்டுவதற்குச் சிறப்பு உரிமை எதுவும் தேவைப்படவில்லை. சாதாரணப் பயனரின் ஓரிரு கட்டளைகள் போதுமாயிருந்தன.

2016 ஜனவரியில் பெர்செப்ஷன் பாயின்ட் என்ற நிறுவனம் வெளியிட்ட சிவிஇ-2016-0728 வேறு வகை. சி மொழியில் ஒரு ஃபங்ஷன் வழியில் எடுத்த பூட்டு, நினைவகம், பற்று (ஒரு பொருள் பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிடி) ஆகியவற்றைப் பிழை வந்தால் எடுத்த வரிசைக்குத் தலைகீழாக விட்டுவிட்டு வெளியேற வேண்டும். அதற்காக ஃபங்ஷனின் முடிவில் எரர், எரர்2 என்று பெயரிட்ட வெளியேறும் வாசல்களை அமைத்திருப்பார்கள். ஒரு ப்ராசஸ் தன்னிடம் ஏற்கெனவே உள்ள செஷன் கொத்திலேயே மறுபடி சேரக் கேட்டால், செய்ய ஒன்றுமில்லை. வெற்றி என்று சொல்லிவிட்டு எரர்2 வாசல் வழியே வெளியேறும்படி எழுதியிருந்தது. ஆனால் தேடும்போது கொத்தின் மேல் வைத்த பற்றை அந்த வாசல் விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் பற்றுக் கணக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். கணக்கு 32 பிட் என்பதால் 400 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளுக்குப் பிறகு அது சுற்றி 0-க்கு வந்துவிடும். யாரும் பிடித்திருக்கவில்லை என்று கெர்னல் கொத்தை விடுவித்துவிடும். அந்த இடத்தைத் தாக்குபவர் தனக்கு வேண்டியதால் நிரப்பி ரூட் அதிகாரம் பெறலாம். கோர் ஐ7-5500 செயலி கொண்ட கணினியில் இதற்கு அரை மணி நேரம் ஆனதாக அவர்கள் தெரிவித்தார்கள். 3.8 பதிப்பு முதல் இருந்துவந்த ஓட்டை அது. திருத்தம் ஒரே வரி: வெளியேறும் முன் பற்றை விடு. அடுத்த ஆண்டு சாவிகளின் பற்றுக் கணக்கு, உச்சத்தைத் தொட்டால் சுற்றாமல் அங்கேயே நின்றுவிடும் ரெஃப்கவுன்ட் வகைக்கு மாற்றப்பட்டது.

அதே 2016-இல் பிழையைப் பதிக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு பிழை அகப்பட்டது (சிவிஇ-2016-4470). சாவியை மறுத்து, அந்த மறுப்பைக் கொத்தில் கோக்க வேண்டிய இடம் அது. கோக்கும் வேலையின் தொடக்கமே தோற்றுப்போனால், எடிட் என்ற மாறிக்கு மதிப்பு எதுவும் வைக்கப்பட்டிருக்காது. ஆனாலும் முடிக்கும் ஃபங்ஷன் அதை எடுத்து விடுவிக்க முயன்றது. தொடக்கம் வெற்றியா என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். தோல்வியைக் கையாளும்போது வரும் இரண்டாவது தோல்வியை எழுதும்போது யாரும் எளிதில் நினைப்பதில்லை, சோதிப்பவரும் அங்கே எட்டுவது அரிது. இந்த வரலாறு முழுவதிலும் என்னை மிகவும் யோசிக்க வைப்பது இந்தச் சிறு ஓட்டைதான்.

2017 அக்டோபரில் அடிப்படையையே மாற்றினார் ஹவல்ஸ். அதுவரை, சாவி உருவானதா என்பது ஒரு கொடி, எதிர்மறையா என்பது இன்னொரு கொடி, என்ன பிழை என்பது மூன்றாவதாக வேறோர் இடம். எதிர்மறைச் சாவியொன்று நல்ல சாவியாகப் புதுப்பிக்கப்படும் அந்தக் கணத்தில் வேறொரு ப்ராசஸ் படித்தால், கொடி ஒன்றும் பிழை எண் இன்னொன்றும் சொல்லலாம் (சிவிஇ-2017-15951). இப்போது ஸ்டேட் என்ற ஒரே எண் மட்டும்: 0 என்றால் இன்னும் உருவாகவில்லை, 1 என்றால் நல்ல சாவி, எதிர்ம எண் என்றால் அதுவே பிழை. ஒரே எண்ணை ஒரே வீச்சில் எழுதிப் படிப்பதால் பாதி பழையது, பாதி புதியது என்ற நிலைக்கே இடமில்லை. அதே ஆண்டு எரிக் பிக்கர்ஸ் செய்த மாற்றத்தால், ஆட் கீ தோற்றாலும் வென்றாலும், இடையில் நகலெடுத்த இரகசியம் பூச்சியங்களால் துடைக்கப்பட்ட பிறகே நினைவகம் விடுவிக்கப்படுகிறது.

பயனருக்குத் தெரிவது

இத்தனை கவனமாகக் கொண்டுவரும் பிழை, திரையில் ஒரு வரியாகச் சுருங்கும்போது சில சமயம் தவறான திசையைக் காட்டுகிறது. சாவிகளுக்குப் பயனர்வாரி ஒதுக்கீடு உண்டு: ரூட் அல்லாதவருக்கு இயல்பாக 200 சாவிகள், 20,000 பைட். மீறினால் வருவது ஈடிகோட், எண் 122. இந்த எண் வட்டு ஒதுக்கீட்டுக்காக ஏற்பட்டது. அதனால் திரையில் வருவது "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்". ரன்சி கொண்டு ஒரே பயனரின் பெயரில் ஏராளமான கன்டெய்னர்களை ஓட்டுபவர்கள், வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதும் இந்தச் செய்தியைப் பார்ப்பதுண்டு. ஒவ்வொரு கன்டெய்னரும் ஒரு செஷன் கொத்து உருவாக்குவதே காரணம். ப்ராக் கோப்பு முறையில் உள்ள கீ-யூசர்ஸ் கோப்பைத் திறந்தால், எந்தப் பயனர் எத்தனை சாவிகள் வைத்திருக்கிறார், எல்லை எவ்வளவு என்று அங்கேயே தெரியும்.

பலருக்கும் இந்தப் பிழைகளோடு முதல் அறிமுகம் செக்யூர் பூட் இயங்கும் மடிக்கணினியில்தான் நேர்கிறது. வெளியிலிருந்து எடுத்த, கையொப்பம் இல்லாத ஒரு டிரைவர் மாட்யூலை ஏற்ற முயலும்போது, பழைய கெர்னல்களில் "ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்" என்று வரும், அது 126. 5.4 பதிப்பு முதல் அதே சூழ்நிலையில் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வருகிறது, அது 129. கையொப்பமே இல்லை, கையொப்பத்தின் குறியாக்க முறை தெரியாது, கையொப்பமிட்டவரின் சாவி நம்பப்படும் கொத்தில் இல்லை என்ற மூன்று காரணங்களும் இப்போது 129 என்ற ஒரே எண்ணாகி வெளியே வருகின்றன. மூன்றில் எது என்பதை ஏற்றும் கட்டளை சொல்லாது. டிமெசெக் பதிவில், அந்த மாட்யூல் ஏற்கப்படவில்லை என்று கெர்னல் எழுதிவைத்திருக்கும் வரியில்தான் அது இருக்கும்.